வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க

ஆபரேஷன், மயக்க மருந்து, அதற்குப் பிந்தைய வலி. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே இவற்றைச் சுற்றித்தான். மயக்க மருந்து டாக்டராக எனக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை. வரிசையாகப் பார்ப்போம்.

கேள்வி: காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். முதல் நாள் ராத்திரி பத்து மணியிலிருந்தே பச்சைத் தண்ணிகூடக் கூடாது என்று உத்தரவு. கடைசியில் என்னைத் தியேட்டருக்குள் கூட்டிப்போனது மத்தியானம் இரண்டு மணிக்கு. நாக்கு வறண்டு தலை சுற்றிவிட்டது. இவ்வளவு பட்டினி அவசியமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: சோறு, டிபன் விஷயத்தில் அவசியம். தண்ணீர் விஷயத்தில் அவசியமே இல்லை.

மயக்கம் கொடுத்ததும் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் கிடப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் 44,016 பிரசவங்களை அலசி, அவற்றில் 66 பேருக்கு இப்படி நடந்ததை 1946-ல் எழுதினார். 'ராத்திரிக்கு மேல் வாயில் எதுவும் படக் கூடாது' என்ற வழக்கம் ஊன்றிப்போனதற்கு அந்தக் கட்டுரை கிளப்பிய பயம் ஒரு பெரிய காரணம். ஆனால் வயிறு சோற்றையும் தண்ணீரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. குடித்த தண்ணீர் சீக்கிரமே குடலுக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999-லேயே சொல்லிவிட்டது: தண்ணீர், பால் கலக்காத டீ, கடுங்காப்பி, சக்கை இல்லாத பழச்சாறு போன்றவற்றை மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். இட்லி மாதிரி லேசான உணவுக்கு ஆறு மணி நேரம். பூரி, பிரியாணி என்றால் எட்டு. நம் ஊர் ஃபில்டர் காபியில் பாதிக்கு மேல் பால்தான், அதனால் அது சாப்பாட்டுக் கணக்கில் வரும். பிரிட்டனில் சில ஆஸ்பத்திரிகள் இன்னும் ஒரு படி மேலே போய், தியேட்டரிலிருந்து அழைப்பு வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கவே அனுமதிக்கின்றன. குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் கொடுக்கலாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்.

குடல் அடைப்பு உள்ளவர்கள், பிரசவ வலியில் இருப்பவர்கள், பல வருடச் சர்க்கரையால் இரைப்பை மந்தமானவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. மற்றவர்கள் தைரியமாகக் கேளுங்கள். ஆபரேஷன் லிஸ்ட்டில் உங்கள் பெயர் எத்தனையாவது என்று முதலில் விசாரியுங்கள். நான்காவது என்றால், "சிஸ்டர், நான் எத்தனை மணி வரைக்கும் தண்ணி குடிக்கலாம்? மயக்க டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். இரண்டு மணி ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணியிலிருந்து வறண்டு கிடப்பது பாதுகாப்பு இல்லை, அலட்சியம்.

கேள்வி: சர்க்கரைக்கும் எடைக்கும் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் பித்தப்பை ஆபரேஷன். சொல்ல வேண்டுமா?
– வங்கி ஊழியர், சேலம்

பதில்: முதல் வேலையாகச் சொல்லுங்கள். செமாக்ளுடைடு, டிர்செபடைடு வகை ஊசிகள் இரைப்பையை மெதுவாக்குபவை. சரியாகப் பட்டினி இருந்து வந்தவர்களின் வயிற்றிலும் முந்தின நாள் சாப்பாடு அப்படியே கிடந்ததை மயக்க டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் 2023-ல் அமெரிக்கச் சங்கம், ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே ஊசியை நிறுத்தச் சொன்னது. 2024 அக்டோபரில் பல சங்கங்கள் கூடி அதைத் தளர்த்தின: பெரும்பாலோர் நிறுத்த வேண்டியதில்லை, வாந்தி, வயிற்று உப்புசம் இருப்பவர்கள், மருந்தளவை இப்போதுதான் ஏற்றத் தொடங்கியவர்கள் ஆகியோருக்குத்தான் கூடுதல் கவனம் தேவை, அவர்கள் முந்தைய 24 மணி நேரம் நீராகாரம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர் முடிவு செய்வார். ஊசி போடுவதே அவருக்குத் தெரியாவிட்டால் எதை வைத்து முடிவு செய்வார்?

கேள்வி: சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். பிள்ளைக்கு ஆறு வயதாகிறது, இன்னும் முதுகுவலி போகவில்லை. அந்த ஊசிதான் காரணம் என்கிறார் என் அம்மா. என் தங்கை இதற்குப் பயந்தே 'எனக்கு முழு மயக்கம் கொடுங்க' என்கிறாள்.
– ஒரு தாய், புதுக்கோட்டை

பதில்: தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராத பிரசவ வார்டு கிடையாது. அம்மா சொல்வதைத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் ஆராய்ச்சியாளர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். பர்மிங்ஹாமில் பிரசவித்த பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, பதில் தந்த 11,701 பேரை வைத்து 1990-ல் ஓர் ஆய்வு வெளியானது. பிரசவ வலிக்கு முதுகில் எபிடியூரல் போட்டவர்களில் 18.9 சதவீதத்தினர் நீடித்த முதுகுவலி என்றார்கள். போடாதவர்களில் 10.5 சதவீதம். பார்த்தவுடன் ஊசிமேல்தான் பழி விழும்.

ஆனால் எபிடியூரல் கேட்பவர்கள் பெரும்பாலும் யார்? நீண்ட, கடினமான பிரசவத்தில் தவிப்பவர்கள். அப்படியிருக்க, வலிக்குக் காரணம் ஊசியா, பிரசவமா? இதைப் பிரித்தறிய ஒரே வழி, யாருக்கு ஊசி, யாருக்கு வேறு மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பதுதான். இங்கிலாந்தில் 369 பெண்களை அப்படிப் பிரித்து, அவர்களில் பெரும்பாலோரை இரண்டு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2002-ல் வந்தது. இரு தரப்பிலும் முதுகுவலியில் வித்தியாசமே இல்லை. அது எபிடியூரல் ஆய்வு. சிசேரியனுக்குப் போடும் ஊசி அதைவிட மெல்லியது, ஒரே தடவை போடுவது. குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கும், அது ஆறிவிடும்.

உங்கள் ஆறு வருட வலி நிஜம். அதற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள் என்கிறேன். கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுத் தசைநார்கள், பிரசவத்துக்குப் பின் பலப்படுத்தப்படாத வயிற்றுத் தசை, குனிந்தே பால் கொடுத்தது, பிள்ளையை இடுப்பில் தூக்கியது என்று ஒரு பட்டியலே உண்டு. ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். 'அந்த ஊசி' என்று முடிவு கட்டியதால் ஆறு வருடமாக வைத்தியமே பார்க்காமல் இருந்துவிட்டீர்களோ என்பதுதான் என் கவலை. காலில் மரத்துப்போதல், பலவீனம் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

தங்கைக்கு: பெரும்பாலான சிசேரியனுக்கு முதுகு ஊசியே பாதுகாப்பானது. பிள்ளை அழும் முதல் சத்தத்தை அவளே கேட்கலாம்.

கேள்வி: அந்த ஊசிக்குப் பிறகு தலையணை வைக்காமல் ஒரு நாள் முழுக்க மல்லாந்து படுக்கச் சொல்கிறார்களே?
– அதே வாசகியின் தங்கை

பதில்: தலைவலி வராமல் இருக்க என்று அப்படிச் சொல்வார்கள். முதுகு ஊசி பிறந்தபோதே இந்தத் தலைவலியும் கூடப் பிறந்தது. 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜனும் அவருடைய உதவியாளரும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுச் சோதித்தார்கள். உதவியாளரின் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்தும் வலி தெரியவில்லை. அதன் பிறகு பியர் எழுந்து உட்காரவே முடியாத தலைவலியில் பல நாள் படுத்துக் கிடந்தார். குத்திய துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதுதான் காரணம்.

படுத்திருந்தால் இது தடுக்கப்படுகிறதா? தடுக்கப்படுவதில்லை என்று 2016-ல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வு தெளிவாகச் சொல்கிறது. தடுப்பது ஊசியின் முனை. கத்தி போல வெட்டும் முனைக்குப் பதிலாக, இழைகளை விலக்கிக்கொண்டு போகும் பென்சில் முனை ஊசி இருக்கிறது. முதுகில் ஊசி போட்ட 110 ஆய்வுகளை, 31,000 பேருக்கு மேல், ஒன்றாகத் தொகுத்து 2018-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. பழைய முனையில் தலைவலி 11 சதவீதம், புதிய வகையில் 4.2. ஆக, கேட்க வேண்டியது தலையணையைப் பற்றி அல்ல. "டாக்டர், பென்சில் முனை ஊசிதானே?" என்று கேளுங்கள். பிள்ளையை அணைத்துப் பால் கொடுக்க வசதியாகச் சாய்ந்துகொள்ளுங்கள். உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து, படுத்தால் குறையும் தலைவலி வந்தால் மட்டும் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

கேள்வி: ஆபரேஷன் நடுவில் முழிப்பு வந்துவிட்டால்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: மிக அபூர்வம், ஆனால் கற்பனையில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடு தழுவிக் கணக்கெடுத்து 2014-ல் வெளியிட்டார்கள். முழு மயக்கம் பெற்ற சுமார் 19,000 பேரில் ஒருவர் தாமாக வந்து, எனக்கு நினைவிருந்தது என்று சொன்னார். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களில் 8,000-க்கு ஒருவர். அது இல்லாதவர்களில் 1,36,000-க்கு ஒருவர்தான். காரணம் புரிகிறதல்லவா? தசை தளர்ந்தவரால் கையசைத்துக்கூடச் சொல்ல முடியாது. அவசர சிசேரியன் போன்றவற்றில் ஆபத்து கூடுதல், முழு மயக்கத்தில் நடக்கும் சிசேரியனில் 670-க்கு ஒருவர். மூளை அலையைப் பார்த்து ஆழத்தை அளக்கும் கருவி இன்று பல தியேட்டர்களில் இருக்கிறது. எப்போதாவது அப்படி நேர்ந்தால், 'கனவா இருக்கும்' என்று வீட்டார் சொல்வதைக் கேட்டு விழுங்கிவிடாமல், டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த நினைவு பல வருடம் தூக்கத்தைக் கெடுக்கும். பேசினால், நம்பிக் கேட்க ஒருவர் இருந்தால், ஆறும்.

கேள்வி: 78 வயது மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன். இரண்டாம் நாள் ராத்திரி கையிலிருந்த டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, 'மாட்டைப் புடிச்சுக் கட்டோணும், ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ' என்று ஒரே சத்தம். மயக்க மருந்து மூளையைப் பாதித்துவிட்டதா? முதுகில் ஊசி போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்கிறார் பக்கத்துக் கட்டில்காரர்.
– மருமகள், பொள்ளாச்சி

பதில்: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இதற்கு டெலிரியம் என்று பெயர். பைத்தியமில்லை, பேயுமில்லை. முதியவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வருகிற சித்தக் குழப்பம். பெரும்பாலோருக்குச் சில நாளில் தெளிந்துவிடும். ஆனால் அசட்டையாக விடக் கூடாது. குழப்பம் நீடித்தவர்கள் நடமாட்டத்துக்குத் திரும்புவதே சிரமமாகிவிடும்.

பக்கத்துக் கட்டில்காரர் சொன்னதையே மருத்துவ உலகமும் பல வருடம் நம்பியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 ஆஸ்பத்திரிகளில், இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு முதுகு ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம் கொடுத்தார்கள். முடிவு 2021-ல் வந்தது. 60 நாள் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் துணையில்லாமல் நடக்க முடியாமல் போனவர்களும் சேர்ந்து இரு பக்கமும் ஏறக்குறைய 18 சதவீதம். டெலிரியம் இரு பக்கமும் 20 சதவீதத்தை ஒட்டி. சீனாவில் 950 பேரிடம் நடந்த ஆய்விலும் அதே கதை. முதுகு ஊசிக்கு வேறு நன்மைகள் உண்டு, சிலருக்கு அதுவே உகந்தது. ஆனால் உங்கள் மாமியார் குழம்பியதற்கு முழு மயக்கத்தைக் குற்றவாளியாக்க முடியாது. நீங்கள் தவறான முடிவெடுத்துவிட்டதாகக் குமைய வேண்டாம்.

அப்படியானால் எது உதவுகிறது? தைவானில் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 377 முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. எனக்கு மிகப் பிடித்த ஆய்வு இது. புதிய மருந்து எதுவும் இல்லை. ஒரு நர்ஸ் தினமும் வந்து மூன்று காரியம் செய்தார்: இடம், நாள், நேரத்தை நினைவூட்டிப் பேசினார், வாயைச் சுத்தம் செய்து சாப்பிட உதவினார், கட்டிலை விட்டு இறக்கி நடக்கவைத்தார். வழக்கமான கவனிப்பில் 15.1 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. இந்தக் கவனிப்பு கிடைத்தவர்களில் 6.6 சதவீதம். பாதிக்கும் கீழே!

அந்த நர்ஸ் செய்ததை நீங்களே செய்யலாம். மாமியாரின் கண்ணாடி, பல் செட், காது மெஷின் எல்லாம் பத்திரமாக வீட்டு அலமாரியில் இருக்கும். இன்றைக்கே கொண்டுவாருங்கள். பார்வையும் காதும் மங்கி, தெரியாத முகங்களுக்கு நடுவே கிடந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது? பகலில் ஜன்னல் திரையை விலக்குங்கள். ராத்திரி வார்டு விளக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இன்னிக்குச் செவ்வாய்க்கெழமைங்க. நாம ஆஸ்பத்திரில இருக்கறமுங்க. இடுப்புல ஆப்பரேசன் முடிஞ்சுதுங்க. மாட்டைத் தம்பி கட்டிட்டானுங்க" என்று பேசுங்கள். பத்து தடவை கேட்டால் பத்து தடவையும் அதே குரலில் சொல்லுங்கள். எதிர்த்து வாதாட வேண்டாம். கையைக் கட்டிலோடு கட்டிவைத்தால் குழப்பம் ஏறும். 'தூங்க ஊசி போடுங்க' என்று நீங்களாகக் கேட்காதீர்கள், பல தூக்க மருந்துகள் இதை மோசமாக்கும். வலிக்கிறதா என்று தினம் பலமுறை கேளுங்கள், சொல்லத் தெரியாத வலியும் இப்படி வெளிவரும். மூத்திரம் அடைத்திருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, மலச்சிக்கலா என்று டாக்டரைப் பார்க்கவையுங்கள்.

இன்னொன்று. இடுப்பு முறிந்தால் 'நாள் பார்த்து' ஆபரேஷன் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், எலும்பு முறிவு உறுதியான ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வதை இலக்காக வைத்துப் பார்த்தார்கள். உயிரிழப்பு குறையவில்லை, ஆனால் டெலிரியம் 12-லிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது, எழுந்து நடப்பதும் முன்கூட்டியே நடந்தது. முறிந்த எலும்போடு அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டாம், தயவுசெய்து.

கேள்வி: தியேட்டரில் இளையராஜா பாட்டுப் போடச் சொல்லலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

பதில்: தாராளமாக! 73 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் லான்செட் வெளியிட்ட கட்டுரை, இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது என்கிறது. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்கும் பலன் இருந்ததுதான் ஆச்சரியம். 2020-ல் வெளியான ஆய்வில், ஜெர்மனியின் ஐந்து ஆஸ்பத்திரிகளில் 385 பேரில் பாதிப் பேருக்கு, ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போதே காதில் இசையும் தைரியமூட்டும் பேச்சும் ஒலிக்கவிட்டார்கள். எழுந்த பிறகு அவர்களுக்கு வலி குறைவு. ஹெட்ஃபோனைக் கொண்டுபோங்கள், பாட்டை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். 'வலி மாத்திரை போட்டால் பழகிடும், கிட்னி போயிடும், கொஞ்சம் பொறுத்துக்கலாம்' என்கிறார்.
– ஒரு மகள், திருநெல்வேலி

பதில்: வலியைப் பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை, நஷ்டம்தான் உண்டு. வயிற்றில் தையல் போட்டவர் வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விடுவார், இருமாமல் அடக்குவார், கட்டிலை விட்டு இறங்க மாட்டார். சளி தேங்கி நிமோனியா வருவதும், காலில் ரத்தம் உறைவதும் அப்படித்தான். அப்பாவிடம் 'வலிக்குதா' என்று மட்டும் கேட்காதீர்கள், 'இல்லை' என்றே சொல்வார். "நல்லா இருமுங்கப்பா" என்று சொல்லிப் பாருங்கள். இருமும்போது முகம் சுளித்து வயிற்றைப் பிடித்தால், கொடுக்கிற மருந்து போதவில்லை.

டென்மார்க்கில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 556 பேரிடம் ஒரு நேர்த்தியான ஆய்வு நடந்தது, 2019-ல் வெளிவந்தது. பாராசிட்டமால் மட்டும் கொடுத்தவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் கூடுதலாக 36 மில்லிகிராம் மார்ஃபின் தேவைப்பட்டது. இபுபுரூஃபன் மட்டும் என்றால் 26. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 20. இரண்டு சாதாரண மாத்திரைகள், வேளை தவறாமல். 'வலி வந்தால் போட்டுக்கோங்க' என்பதைவிட, கடிகாரம் பார்த்துப் போடுவதே முதல் இரண்டு மூன்று நாளுக்கு நல்லது. கிட்னிப் பயம் முழுக்கப் பொய்யில்லை. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் ஏற்கெனவே கிட்னிக் கோளாறு, அல்சர், இருதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. அப்பாவுக்கு அவை உண்டா என்பதைச் சொல்லித்தான் மருந்து வாங்க வேண்டும். அதற்காகப் பாராசிட்டமாலையும் சேர்த்து ஒதுக்குவது அநியாயம்.

பழகிவிடும் என்பது மார்ஃபின் குடும்ப மருந்துகளுக்குத்தான் பொருந்தும், அதுவும் நாள்பட எடுத்தால். ஆஸ்பத்திரிக் கட்டிலில் டாக்டர் மேற்பார்வையில் இரண்டு நாள் கொடுப்பதால் யாரும் அடிமையாவதில்லை. வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்தனுப்புவது வேறு விஷயம். சின்ன, நடுத்தர ஆபரேஷன்கள் முடிந்து வீடு திரும்பியவர்களிடம் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் பார்த்தபோது, அந்த மருந்துகளால் கூடுதல் வலி நிவாரணம் கிடைக்கவில்லை, வாந்தியும் மலச்சிக்கலும்தான் கூடின. அமெரிக்கா அவற்றை அள்ளிக் கொடுத்துச் சீரழிந்தது. நாமோ புற்றுநோயின் கடைசி நாட்களில் துடிப்பவருக்குக்கூட மார்ஃபின் கொடுக்கத் தயங்குகிறோம். 1985 போதைப்பொருள் சட்டம் போட்ட முடிச்சுகளை 2014 திருத்தம் ஓரளவு அவிழ்த்தும், தயக்கம் விடவில்லை. இது என்னை மிகவும் வருத்தும் விஷயம்.

கேள்வி: அமெரிக்காவில் ஏதோ புது வலி மாத்திரையாமே, போதையே ஏறாதாமே?
– மருந்துக் கடைக்காரர், ஈரோடு

பதில்: சுசெட்ரிஜின். 2025 ஜனவரி 30-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. இதன் வேர்க்கதையில் பாகிஸ்தானின் வட பகுதிச் சிறுவன் ஒருவன் வருகிறான். தெருவில் கையில் கத்தியைக் குத்தியும் தணலில் நடந்தும் வித்தை காட்டியவன். அவனுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. கூரையிலிருந்து குதித்து, 14 வயது நிறையும் முன்பே இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் குழு, வலி நரம்பில் சோடியம் நுழையும் ஒரு வாசல் அவர்களுக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லை என்று 2006-ல் கண்டறிந்தது. அந்த வாசலை அடைக்கும் மருந்துகள் சரிவரவில்லை. அதன் பக்கத்து வாசலை அடைப்பதுதான் சுசெட்ரிஜின். மார்ஃபின் மூளைக்கே போய் வேலை செய்கிறது. இது தெரு முழுக்கக் கரண்ட்டை நிறுத்தாமல் ஒரு வீட்டு ஃபியூஸை மட்டும் பிடுங்குவது மாதிரி, வலி நரம்போடு நின்றுவிடுகிறது.

ஆரவாரத்தில் மறைந்துபோகும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தொப்பை நீக்கம், கால் கட்டைவிரல் எலும்புச் சீரமைப்பு என்ற இரண்டு ஆபரேஷன்களில், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரையை வென்றது. ஆனால் மார்ஃபின் குடும்பத்து ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் சேர்ந்த பழைய கூட்டு மாத்திரையை மிஞ்சவில்லை. அங்கே ஒரு மாத்திரை 15.50 டாலர் என்று விலை வைத்தார்கள். நல்ல தொடக்கம். இன்னும் நீண்ட தூரம் போக வேண்டும்.

கேள்வி: ஆபரேஷனுக்கு முன் சிகரெட்டைத் திடீரென்று விட்டால் சளி கூடி ஆபத்தாமே?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: யாரோ விட மனமில்லாதவர் சொன்னது. எவ்வளவு முன்னதாக விடுகிறீர்களோ அவ்வளவு லாபம், நாலு வாரம் கிடைத்தால் நன்று. டென்மார்க்கில் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே புகையை விட உதவி செய்தார்கள். சிக்கல் வந்தவர்கள் 18 சதவீதம். உதவி இல்லாதவர்களில் 52. நாளைக்கு ஆபரேஷன் என்றாலும் இன்றைக்கு விடுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்ததும் மூன்று பந்து இருக்கும் கருவியைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். எவ்வளவு ஊதியும் பந்து ஏறவே இல்லை!
– இல்லத்தரசி, காரைக்கால்

பதில்: ஏறாது அம்மா, ஏனென்றால் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். குழாயை வாயில் வைத்து, மெதுவாக, ஆழமாக மூச்சை உள்ளே இழுத்தால்தான் பந்து எழும். வார்டில் பாதிப் பேர் உங்களைப் போலவே ஊதிக்கொண்டிருப்பார்கள். குற்றம் அவர்களுடையதில்லை. வலியும் அரை மயக்கமுமாக இருக்கும்போது, அவசரமாகக் கையில் திணித்துவிட்டுப் போனால் யாருக்குப் புரியும்?

எப்போது சொல்லிக்கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 441 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு இது. ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே ஒரு பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உட்கார்ந்து, கண் விழித்தது முதல் மணிக்கொரு தரம் எப்படி ஆழமாக மூச்சிழுத்து இரும வேண்டும், ஏன் என்று சொல்லிப் பழக்கினார். கருவிகூட இல்லை. வெறும் கையேடு கிடைத்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல். பழகியவர்களில் 12. இவ்வளவு மலிவான, இவ்வளவு பலன் தரும் அரை மணி நேரத்தை எல்லா ஆஸ்பத்திரிகளும் ஏன் ஒதுக்கக் கூடாது? ஆபரேஷன் தேதி குறித்ததும் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்க மருந்தால் படிப்பு மந்தமாகுமா?
– இளம் தந்தை, கோவில்பட்டி

பதில்: ஆகாது, பயப்படாதீர்கள். உங்கள் குழந்தைக்கு இருக்கும் அதே குடலிறக்கத்தைத்தான் ஆய்வுக்கு எடுத்தார்கள். 7 நாடுகள், 28 ஆஸ்பத்திரிகள், 722 கைக்குழந்தைகள். பாதிப் பேருக்கு முழு மயக்கம், பாதிப் பேருக்கு விழித்திருக்கும்போதே இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகும் ஊசி. ஐந்து வயதில் அறிவுத்திறனை அளந்து 2019-ல் சொன்னார்கள்: வித்தியாசம் இல்லை. மயக்கம் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தவர்களின் கணக்கு இது. மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப மயக்கம் தேவைப்பட்டால் யோசித்துச் செய்யுங்கள் என்பது எஃப்.டி.ஏ. 2016-ல் விடுத்த எச்சரிக்கை. தேவையான ஆபரேஷனை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப் கறுப்பான தோலுக்குத் தப்பாகக் காட்டுமா?
– செவிலியர், தூத்துக்குடி

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள், சகோதரி. அந்தக் கருவி ஒளியை விரல் வழியாகச் செலுத்தி அளக்கிறது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே ரத்தப் பரிசோதனையில் ஆக்ஸிஜன் 88-க்குக் கீழ் இருந்தது, கறுப்பினத்தவர்களில் 11.7 சதவீத அளவீடுகளில். வெள்ளையரில் 3.6. காரணம், பல காலம் வெளிர் தோல்காரர்களையே வைத்துக் கருவியைச் சரிபார்த்தது. எல்லா நிறத்தவரிடமும் சோதித்துக் காட்டுங்கள் என்று 2025-ல்தான் எஃப்.டி.ஏ. வரைவு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. நம் தென் தமிழகத்துத் தோல் நிறங்களை நினைத்தால் இது யாருடைய பிரச்சினையோ இல்லை. எண் 94 காட்டினாலும், ஆள் மூச்சு வாங்குகிறார், குழம்புகிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன். மயக்க முறையை மாற்றினால் புற்றுநோய் திரும்பாது என்று படித்தேன். உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

பதில்: மயக்க முறையை மாற்றுவதால் பலனில்லை. 2,132 பெண்களிடம் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். மார்புப் பகுதி நரம்பை மரக்கவைத்து ப்ரோபோஃபால் என்ற மயக்க ஊசி கொடுத்தாலும், வாயு மயக்கமும் மார்ஃபின் குடும்ப மருந்தும் கொடுத்தாலும், இரு பக்கமும் பத்தில் ஒருவருக்கு நோய் திரும்பியது.

ஆனால் நம்பிக்கை தரும் செய்தி நம் நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மையத்தின் ராஜேந்திர பட்வே தலைமையில் இந்தியாவின் 11 மையங்களில் நடந்த ஆய்வு, 2023-ல் வெளியானது. கட்டியை வெட்டுவதற்கு ஏழிலிருந்து பத்து நிமிடம் முன்பு, அதைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி போட்டார்கள். பல் பிடுங்கும்போது ஈறில் போடும் அதே மருந்து. சுமார் 1,600 பெண்கள். ஐந்து வருடம் கழித்து நோயின்றி இருந்தவர்கள், ஊசி போடாத பக்கம் 82.6 சதவீதம், போட்ட பக்கம் 86.6. உயிரோடு இருந்தவர்கள் 86.4, 90.1. கத்தி படும் நேரத்தில் புற்றணுக்கள் கிளம்பிப் பரவுவதை இந்த மருந்து தடுக்கிறது என்பது அவர்கள் கருத்து. வேறு நாடுகளிலும் இதைச் செய்து உறுதிப்படுத்தினால் இன்னும் பலம் சேரும். ஆபரேஷனுக்கு முன்பே கீமோ எடுத்தவர்கள் இந்த ஆய்வில் இல்லை, அதனால் மனைவியின் சிகிச்சை வரிசையைச் சொல்லியே கேட்க வேண்டும். லிக்னோகெய்ன் எல்லாத் தியேட்டரிலும் இருக்கும் மலிவான மருந்து. ஆபரேஷனுக்கு முந்தைய சந்திப்பில் சர்ஜனிடம் டாட்டா ஆய்வைக் குறிப்பிட்டு, "இவங்களுக்கும் அந்த ஊசி போட முடியுமா சார்?" என்று கேளுங்கள்.